நாம் நிற்கும் மண்ணும் நம் பொறுப்பும்



பள்ளிவாசல் கட்டுவதற்கும் மதரஸா எழுப்புவதற்கும் நம் மக்கள் தம் வயிற்றைக் கட்டிப் பணம் தருவதை நாம் அனைவரும் அறிவோம். கட்டுமானக் குழு கூடும்போது மினாராவின் உயரம், மிஹ்ராபில் பதிக்கும் பளிங்கு, ஹவ்ளின் அகலம், நுழைவாயிலின் எழுத்து ஆகியவற்றைப் பற்றி இஷாவுக்குப் பின் நள்ளிரவு வரை பேசுவோம். அந்தக் கட்டடம் நிற்கப்போகும் மண்ணைப் பற்றி யாராவது ஐந்து நிமிடம் பேசிக் கேட்டிருக்கிறேனா என்று என் இருபதாண்டு ஆசிரியப் பணியை எண்ணிப் பார்க்கிறேன். மிக அரிதாகவே கேட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் மதரஸாவின் விரிவாக்கப் பணியையொட்டி அந்தப் பேச்சு எங்களிடையே எழுந்தது. அதில் நான் கற்றதையும், அதன் விளைவாக எங்கள் ஜமாஅத் எடுத்த முடிவையும், அந்த முடிவுக்கு நாங்கள் கொடுத்த விலையையும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் நம் ஊரின் மண். சென்னையின் தெற்கே பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் சார்னோகைட் என்னும் கடினப் பாறை தரைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. சில இடங்களில் தரைக்கு மேலேயே எழுந்து நிற்கிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே வரவர நிலை மாறுகிறது. இங்கே நம் காலடியில் இருப்பது கடல் சேர்த்த மணலும், ஆறு சேர்த்த வண்டலும், இடையிடையே களிமண்ணும். கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. பக்கிங்காம் கால்வாய் நம் குடியிருப்புகளின் ஓரமாகவே ஓடுகிறது. கடலோரத்தில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த நாள்முதல், வடக்கு நோக்கி நகரும் கடல்மணல் தடுக்கப்பட்டு, தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. இன்று நம் கடற்கரையில் மணலைவிடக் கொட்டிய பாறைகளே அதிகம் தெரிகின்றன. மண் நிலையானதன்று என்பதை வடசென்னைக்காரர்களுக்கு யாரும் புத்தகம் வைத்துச் சொல்லித் தரவேண்டியதில்லை.

எங்கள் மதரஸா பழைய செங்கற் கட்டடம். கீழ்த்தளம் மட்டுமே உண்டு. தூண்கள் இல்லை, சுவர்களே கூரையைத் தாங்குகின்றன. அதன்மேல் இரண்டு தளங்கள் எழுப்பி, நாற்பது பிள்ளைகள் தங்கி ஓதும் விடுதி அமைப்பது என்று ஜமாஅத் தீர்மானித்தது. எங்களிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று மண்ணியல் பொறியாளராக இருக்கிறார். வரைபடத்தைப் பார்த்த அவர், “ஹஜ்ரத், மேலே கட்டுவதைப் பிறகு பேசலாம். கீழே என்ன இருக்கிறது என்று ஒருமுறை அளந்துவிடுவோம்” என்றார். கட்டணம் வாங்காமல் தம் நண்பர்களுடன் வந்து அளந்தும் கொடுத்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

அவர் அளந்தது மண்ணில் குறுக்கலை செல்லும் வேகம். இதை எனக்குப் புரியவைக்க அவர் எடுத்த உவமை நம் வீட்டு உவமை. நோன்பு திறக்கும் வேளையில் தட்டில் கடல்பாசி வைக்கிறோமல்லவா? அந்தத் தட்டின் ஓரத்தை விரலால் தட்டினால் கடல்பாசி நெளிந்து நெளிந்து ஆடும். ஆட்டம் அடங்கவும் நேரமாகும். அதே தட்டில் கருங்கல் துண்டை வைத்துத் தட்டினால் ஆட்டமே தெரியாது. நிலம் நடுங்கும்போது பக்கவாட்டில் நெளிந்து செல்லும் அலையே குறுக்கலை. கெட்டியான பாறையில் அது வினாடிக்கு 1,500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். நெகிழ்ந்த களியில் 150 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். பாறையிலிருந்து மென்மண்ணுக்குள் நுழையும் அலை வேகம் குறைகிறது. ஆனால் அது சுமந்துவந்த ஆற்றல் எங்கும் மறைந்துவிடுவதில்லை. வேகத்தில் குறைந்தது வீச்சில் கூடுகிறது. எனவே, அலை மெதுவாகச் செல்லும் மண்ணில் ஆட்டம் பெரிதாக இருக்கும். குறுக்கலையின் வேகத்தை அளப்பதன் நோக்கம் இதுதான்.

குறுக்கலையை ஏன் அளக்க வேண்டும், முன்னும் பின்னும் அழுத்திச் செல்லும் மற்றோர் அலையான நெட்டலையை அளந்தால் ஆகாதா என்று கேட்டேன். நம் மண்ணில் ஆகாது என்றார். நெட்டலை நீரிலும் செல்லும். நீர் நிறைந்த மணலில் அதன் வேகம் ஏறத்தாழ 1,500 மீட்டராகத் தெரியும். அது மணலின் உறுதியைக் காட்டுவதன்று, நீரின் குணம். குறுக்கலையோ நீரில் செல்லாது. நீருக்கு நெளிவைத் தாங்கும் வலு கிடையாது. ஆதலால் மண்துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பற்றியிருக்கின்றன என்ற உண்மையைக் குறுக்கலை மட்டுமே கூறும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் கடலோர ஊருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

ஷஅபான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுபுஹு தொழுகை முடிந்ததும் வேலையைத் தொடங்கினார்கள். மதரஸாவை ஒட்டிய காலி மனையில் ஒரு மீட்டருக்கு ஒன்றாக 24 ஜியோபோன்களை நேர்க்கோட்டில் தரையில் குத்தினார்கள். ஜியோபோன் என்பது நில அசைவை மின்குறியாக மாற்றும் சிறு கருவி, உள்ளங்கைக்குள் அடங்கும். அவற்றையெல்லாம் ஒரு கேபிளில் கோத்துக் கணினியோடு இணைத்தார்கள். வரிசையின் முனையிலிருந்து சற்றுத் தள்ளி ஓர் இரும்புத் தகட்டை வைத்து, ஏறத்தாழ 8 கிலோ எடையுள்ள சம்மட்டியால் ஓங்கி அடித்தார் ஒருவர். ஒரே இடத்தில் பல அடிகள். ஒவ்வோர் அடியின் பதிவையும் முன்னதன்மேல் கூட்டிக்கொண்டே போனால், தற்செயலான இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கும்; அடியின் அலை தெளிவாகும்.

அந்த அடியால் தரையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் அலைகள் எழுகின்றன. அவற்றில் நீளம் குறைந்தவை மேல்மண்ணை மட்டும் தொட்டுச் செல்லும். நீளம் மிகுந்தவை ஆழத்தையும் அசைத்துக்கொண்டு செல்லும். ஒவ்வொரு நீளத்துக்கும் உரிய வேகத்தைத் தனித்தனியே பிரித்தெடுத்தால், எந்த ஆழத்தில் எந்த வேகம் என்று கணக்கிட்டுவிடலாம். இந்த முறையைப் பொறியாளர்கள் எம்.ஏ.எஸ்.டபிள்யூ. என்று அழைக்கிறார்கள். நிலத்தைத் துளையிடாமலேயே அதன் அடுக்குகளை அறிவதே இதன் சிறப்பு.

சம்மட்டி அடிக்கு ஓர் எல்லை உண்டு. 23 மீட்டர் வரிசையையும் ஒரு மனிதனின் கைவலுவையும் கொண்டு மிக ஆழத்தைத் தொட இயலாது. ஆழத்தை அசைக்கும் நீண்ட அலைகளுக்கு அவர்கள் வேறொரு மூலத்தைப் பயன்படுத்தினார்கள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள்! இரவும் பகலும் நம் வீட்டுச் சன்னல்களை அதிரவைக்கும் அந்த உறுமலையே ஜியோபோன்கள் பதிவுசெய்தன. கனத்த வண்டிகளின் அதிர்வில் நீண்ட அலைகள் நிறைய உண்டாம். நாம் நாள்தோறும் சலித்துக்கொள்ளும் ஓசை, நம் மண்ணின் ஆழத்தை அறியும் கருவியாயிற்று.

ஓத வந்த பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் அவர்களுக்கு ஸூரத்துஸ் ஸில்ஸால் பாடம். எட்டு வசனங்கள் கொண்ட சிறிய ஸூரா. பூமி அதிர்வதையும் அது தன் செய்திகளைக் கூறுவதையும் பேசுவது. ஒரு சிறுவன், “ஹஜ்ரத், பூமி சொல்லும் செய்தியை இந்த மெஷின் கேட்குமா?” என்று கேட்டான். “இல்லை வாப்பா. அது மறுமை நாளின் செய்தி. நம் செயல்களுக்குப் பூமி சாட்சி சொல்லும் நாள் அது. இந்தக் கருவி, நாம் அடித்த அடிக்கு மண் கொடுக்கும் பதிலை மட்டுமே எழுதும்” என்றேன். இன்று நம்மில் சிலர் ஒவ்வொரு புதுக் கருவியையும் ஏதாவதொரு வசனத்தோடு முடிச்சுப் போட்டுவிட விரும்புகிறார்கள். இறைவேதத்துக்கு அந்தத் துணை தேவையில்லை. அறிவியலுக்கும் அந்த மெருகு தேவையில்லை. ஆயினும் நம் செயலுக்குப் பூமியே சாட்சி என்ற நினைவு, அந்த மண்ணின்மேல் கட்டுபவருக்கு இருக்க வேண்டிய நினைவுதான்.

அளவையின் முடிவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைச் சிறு எடுத்துக்காட்டால் கூறுகிறேன். மேலிருந்து 30 மீட்டர் ஆழம் வரையுள்ள மண்ணை எடுத்துக்கொள்வார்கள். மேல் 5 மீட்டரில் வேகம் 150, அடுத்த 10 மீட்டரில் 200, அதற்கடுத்த 15 மீட்டரில் 300 என்று வைத்துக்கொள்வோம். ஆழத்தைக் கொண்டு நேராகச் சராசரி கண்டால் 242 வரும். ஆனால் அப்படிக் கணக்கிடுவதில்லை. அலை ஒவ்வோர் அடுக்கையும் கடக்க எடுக்கும் நேரத்தைக் கூட்டி, 30 மீட்டரை அந்த நேரத்தால் வகுக்கிறார்கள். அப்போது வருவது 225. மெதுவான அடுக்கு, தன் தடிமனுக்கு மிஞ்சிய அளவில் கணக்கைக் கீழே இழுக்கிறது. ஒரு பயணக்கூட்டத்தின் வேகத்தை அதில் தளர்ந்து நடப்பவரே தீர்மானிப்பதைப் போன்றது இது.

இந்தச் சராசரியைக் கொண்டு நிலத்தை வகைப்படுத்துகிறார்கள். அமெரிக்க விதிகளிலிருந்து உலகெங்கும் பரவிய பட்டியலில் 1,500-க்கு மேல் ஏ. 760 முதல் 1,500 வரை பி. 360 முதல் 760 வரை சி. 180 முதல் 360 வரை டி. 180-க்குக் கீழ் ஈ. ஏ என்பது கடும்பாறை, ஈ என்பது மென்களி. இந்தியாவின் ஐ.எஸ். 1893 விதி பெரும்பாலும் துளையிட்டு எண்ணும் அடியைக் கொண்டு மண்ணைக் கடினம், நடுத்தரம், மென்மை என மூன்றாகப் பிரித்து வந்திருக்கிறது. 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவார்கள். நம் தெருக்களில் முக்காலி நட்டு ‘டங் டங்’ என்று அடிப்பதைக் கண்டிருப்பீர்கள், அதுதான் இது. இவ்விரண்டு அளவைகளையும் இணைக்கும் ஆய்வு நம் நகரத்துக்கே உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸைச் சேர்ந்த உமா மகேஸ்வரி, பூமிநாதன், தொடகவுடர் ஆகியோர் சென்னை மண்ணில் குறுக்கலை வேகத்தை அளந்து, அதற்கும் அடி எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பை 2010-ல் வெளியிட்டார்கள். அவர்களுடைய சூத்திரத்தின்படி அடி எண்ணிக்கை 10 எனில் வேகம் ஏறத்தாழ 190. 30 எனில் ஏறத்தாழ 265. அதாவது, முப்பது அடி வாங்கிய பிறகே இறங்கும் மண்கூட டி வகையைத் தாண்டுவதில்லை.

எங்கள் மனை டி வகையில் அமைந்தது. அதிலும் மேல்மண் நலிந்தது; அது நீர் நிறைந்த மணல். இத்தகைய மணல் நீண்ட அதிர்வில் தன் பிடிப்பை இழந்து கூழ்போல ஆகிவிடக்கூடும். 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று குஜராத்தில் ஏற்பட்ட பூஜ் நிலநடுக்கத்தில், காண்ட்லா துறைமுகத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம் இவ்வாறே ஒருபக்கம் சாய்ந்து நின்றது.

முடிவு ஜமாஅத் கூட்டத்தில் வாசிக்கப்பட்டபோது எழுந்த முதல் கேள்வி, “சென்னைக்கு ஏது நிலநடுக்கம்?” என்பது. கேள்வி நியாயமானது, பதிலும் இருக்கிறது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நடுக்கத்தைச் சென்னை உணர்ந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், ஆழிப்பேரலை வருவதற்கு முன்பே, சுமத்ராவின் அதிர்வை நம்மில் பலர் கட்டிலில் இருந்தபடியே உணர்ந்தோம். 2012 ஏப்ரல் 11 அன்று அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்ததும் நினைவிருக்கும். 2002-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 விதி, சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. கட்டடக் கணக்கில் பயன்படும் மண்டல எண் 0.10-லிருந்து 0.16 ஆயிற்று. அதே விதியின்படி, உயர்ந்த கட்டடங்களுக்குப் பாறையில் 1 என்று வைக்கும் விசையை நடுத்தர மண்ணில் 1.36 ஆகவும் மென்மண்ணில் 1.67 ஆகவும் வைக்க வேண்டும். எங்கள் முதவல்லி வணிகர். எண்களை உடனே பிடித்துக்கொள்பவர். “அப்படியானால் பரங்கிமலைக்காரர் கட்டுவதும் நாம் கட்டுவதும் ஒரே செலவில் முடியாது” என்றார். ஆம், முடியாது.

நடுக்கம் தொலைவில்தானே என்பதும் முழு ஆறுதலன்று. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் கடலோரத்தில் எழுந்த நிலநடுக்கம், 350 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த மெக்சிகோ நகரத்தில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. அந்நகரின் நடுப்பகுதி பழைய ஏரிப்படுகையின்மேல் நிற்கிறது. பூஜ் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தின் அடுக்குமாடிகள் பல சரிந்தன. ஒவ்வொரு மண்ணுக்கும் தனக்கென ஓர் ஆட்ட நேரம் உண்டு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் உண்டு. இரண்டும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதுபோல ஆட்டம் வளரும். மென்மண்ணின் ஆழத்தை நான்கால் பெருக்கி, அலை வேகத்தால் வகுத்தால் அந்த மண்ணின் ஆட்ட நேரம் கிடைக்கும். 15 மீட்டர் ஆழம், 200 மீட்டர் வேகம் எனில் 0.3 வினாடி. கட்டடத்துக்குத் தோராயமாகத் தளத்துக்கு 0.1 வினாடி. எனவே அத்தகைய மண்ணில் மூன்று தளக் கட்டடமே மண்ணோடு சேர்ந்து ஆடும். நாங்கள் திட்டமிட்டிருந்ததோ மூன்று தளம். அந்தக் கணக்கை எங்கள் மாணவர் கரும்பலகையில் எழுதியபோது கூட்டம் அமைதியாயிற்று.

அதன்பிறகு ஒரு பெரியவர் கூறியதுதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. அவர் நல்லவர், மதரஸாவுக்கு நெடுங்காலம் உழைத்தவர். “அளந்திருக்கவே வேண்டாம் ஹஜ்ரத். தெரியாமல் கட்டியிருந்தால் அல்லாஹ்விடம் குற்றமில்லை. இப்போது தெரிந்துவிட்டது, பொறுப்பும் வந்துவிட்டது” என்றார். பலருடைய மனத்தில் இருப்பதை அவர் வாய்விட்டுக் கூறினார்.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயா என்னும் ஃபிக்ஹ் நூலில் சாயும் சுவரைப் பற்றிய ஒரு பகுதி உண்டு. ஹிஜ்ரி 593-ல் மறைந்த இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களுடைய நூல் அது. ஒருவருடைய சுவர் பொதுவழியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதை இடித்துவிடுமாறு அவரிடம் கோரப்படுகிறது. அதற்குச் சாட்சியும் உண்டு. இடிப்பதற்குப் போதிய அவகாசம் இருந்தும் அவர் இடிக்கவில்லை. பிறகு அது விழுந்து உயிரோ பொருளோ அழிந்தால், ஈடு செய்யும் பொறுப்பு அவருடையது. அந்தக் கோரிக்கையை விடுப்பவர் முஸ்லிமாக இருந்தாலும் அந்த நாட்டில் வாழும் முஸ்லிமல்லாதவராக இருந்தாலும் சமமே. ஏனெனில் வழி எல்லாருக்கும் உரியது. இதுவரை கேட்டால் பெரியவரின் சொல்லுக்கு வலு இருப்பதாகத் தோன்றும். எச்சரிக்கை வராதவரை பொறுப்பில்லையே!

ஆனால் அதே பகுதி இன்னொன்றும் கூறுகிறது. தொடக்கத்திலேயே சுவரைச் சாய்வாகக் கட்டியவருக்கு எச்சரிக்கை எதுவும் தேவையில்லை. அது விழுந்தால் அவர் நேரடியாகவே பொறுப்பாளி. இருந்த சுவர் காலப்போக்கில் சாய்வது வேறு. சாயும்படி கட்டுவது வேறு. நாங்கள் செய்யவிருந்தது இரண்டாவது. நலிந்த மண்ணின்மேல், தூணில்லாத பழைய சுவர்களின் தலையில், இரண்டு தளங்களை ஏற்றி, அதில் பிறர் பிள்ளைகளை உறங்க வைக்க இருந்தோம். அளக்கும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, கண்ணை மூடிக்கொள்வது அறியாமை ஆகாது. இதைத்தான் அந்தக் கூட்டத்தில் நான் எடுத்துரைத்தேன். பெரியவர் மறுக்கவில்லை. “கிதாபில் அப்படியிருந்தால் சரி” என்று மட்டும் கூறினார்.

எச்சரிக்கை என்பதும் எப்போதும் வாயால் வருவதில்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது. அது நிலநடுக்கத்தால் விழுந்ததன்று. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்னரே வெளியேறியதால், அல்லாஹ்வின் அருளால் உயிரிழப்பு இல்லை. அந்த விரிசல் அவர்களுக்கு எச்சரிக்கையாயிற்று. நிலநடுக்கமோ அத்தகைய அவகாசம் தருவதில்லை.

மூத்த மாணவர்களின் வகுப்பிலும் இந்தப் பேச்சு தொடர்ந்தது. “விழ வேண்டும் என்பது கத்ர் என்றால், அளந்து என்ன பயன் ஹஜ்ரத்?” என்று ஒருவர் கேட்டார். அம்வாஸ் கொள்ளைநோயின்போது ஷாமுக்குச் சென்றுகொண்டிருந்த உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பிய நிகழ்வை அவர்களுக்கு நினைவூட்டினேன். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விளக்கினார்கள். மண்ணை அளப்பதும் அதுபோன்றதே. சாயும் மண்ணும் அவன் படைப்பு. அதை அறியும் அறிவும் அவன் கொடை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை (திர்மிதி) மேடையில் கூறாத ஆலிம் இல்லை. கட்டடக் குழுவில் மட்டும் அது ஏன் மறந்துபோகிறது?

இடிபாட்டில் சிக்கி இறப்பவருக்கு ஷஹீதின் நன்மை உண்டு என்பது நபிமொழி. அது இறந்தவருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் உரிய ஆறுதல். கட்டியவருக்கு உரிய விடுதலையன்று. அதேபோல், ஓர் ஊரில் நிலம் நடுங்கினால் அங்குள்ளோரின் பாவத்தை எண்ணத் தொடங்கும் பழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும். நாம் கேட்டுப் பார்க்க வேண்டியது, அங்கே கட்டியவர்கள் தம் கடமையைச் செய்தார்களா என்பதே.

இறுதியில் எங்கள் ஜமாஅத் எடுத்த முடிவு இது: பழைய கட்டடத்தின்மேல் எதையும் ஏற்றுவதில்லை. பக்கத்து மனையில் தூண், உத்திரங்களோடு புதிய கட்டடம். அடித்தளங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் உத்திரங்கள். நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான ஐ.எஸ். 13920 விதிப்படி கம்பி வேலை. கீழ்த்தளத்தை வண்டி நிறுத்துவதற்காகச் சுவரின்றித் திறந்துவிடுவதில்லை. ஆனால் கையிலிருந்த பணம் இத்தனைக்கும் சேர்த்து இரண்டு தளங்களுக்கே போதுமானதாக இருந்தது. நாற்பது இடங்கள் இருபதாயின.

அந்த இருபதில் இடம் கிடைக்காத பிள்ளைகளின் வீட்டாரிடம் கூறும் பொறுப்பு எனக்கு வந்தது. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியம்மா தம் பேரனுக்காக இரண்டு முறை ரயிலேறி வந்திருந்தார். தாயில்லாப் பிள்ளை. நான் மண்ணைப் பற்றியும் அடித்தளத்தைப் பற்றியும் எளிமையாக எடுத்துக் கூறினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “உங்கள் கட்டடம் உறுதியாக இருக்கட்டும் ஹஜ்ரத். ஆனால் இவன் இப்போது படுத்துறங்கும் எங்கள் வீடும் அதே மண்ணில்தானே நிற்கிறது? அதை யார் அளப்பார்கள்?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, கேள்விதான் இருந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுமையான பதில் இல்லை. பாதுகாப்பாகக் கட்டுவது என்ற சரியான முடிவும், யாரோ ஓர் ஏழையின் தோளில்தான் தன் சுமையை இறக்கி வைக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

அந்தக் கேள்வியால் ஒரு சிறு வேலை தொடங்கியிருக்கிறது. எங்கள் மாணவரும் அவருடைய நண்பர்களும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதரஸாப் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று சுவர் விரிசல், துருவேறிய கம்பி, சரிந்த படிக்கட்டு ஆகியவற்றைப் பார்த்துச் சொல்கிறார்கள். சீர்செய்ய இயலாத குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் பொதுநிதியிலிருந்து இயன்றது வழங்கப்படுகிறது. பாட்டியம்மாவின் வீட்டையும் பார்த்தார்கள். பால்கனியின் கீழ்ப்புறம் உதிர்ந்திருந்தது. அது இடித்து நீக்கப்பட்டது. பேரனுக்கு அடுத்த ஆண்டுக்கான பட்டியலில் முதலிடம். அதுவரை மாலை மக்தபுக்கு எண்ணூரிலேயே ஏற்பாடு செய்திருக்கிறோம்.

கட்டத் தொடங்கும் ஜமாஅத்துகளுக்கு என் வேண்டுகோள் நீளமானதன்று. அஸ்திவாரக் கல் நாட்டும் தேதியைக் குறிப்பதற்கு முன் பொறியாளரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நம் மனையில் துளையிட்டோ அலை கொண்டோ மண் சோதனை செய்யப்பட்டதா, அல்லது பக்கத்து மனையின் அறிக்கை நகலெடுக்கப்பட்டதா? அந்த மண் எந்த வகை? நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருக்கிறது, அங்கே மணல் கூழாகும் வாய்ப்பைக் கணக்கிட்டார்களா? அந்த வகைக்கும் மூன்றாம் மண்டலத்துக்கும் ஏற்ப வரைபடம் தயாரிக்கப்பட்டதா? பதில்களை எழுத்தில் வாங்கி, கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். வக்ஃபுச் சொத்து அமானிதம். அதற்குள் உறங்கும் பிள்ளைகள் அதனினும் பெரிய அமானிதம். மண் சோதனைக்கு ஆகும் செலவு, மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு. நாம் மினாராவுக்கு ஒதுக்கும் தொகையிலிருந்து சற்றே எடுத்தாலும் போதும்.

யா அல்லாஹ்! நாங்கள் கட்டுபவற்றை உறுதியாக்குவாயாக. தெரிந்துகொள்ள அஞ்சும் உள்ளத்திலிருந்தும், தெரிந்த பின் செயலற்றிருக்கும் சோம்பலிலிருந்தும் எங்களைக் காப்பாயாக. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும், நலிந்த சுவர்களுக்குள் உறங்கும் உன் அடியார்கள் அனைவரையும், எந்த மதத்தவராயினும், உன் பாதுகாப்பில் வைத்திருப்பாயாக. ஆமீன்.